அம்பாசடரின் மேனிஃபோல்டு சிவந்தது ஏன்?

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறி, ஏரிக்கரையில் வண்டியை ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்து, வெப்பம் பார்க்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சின் விடும் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகம்) நடுப்பகுதிக்கு நேராகப் பிடித்தேன். 412 டிகிரி செல்சியஸ். தை மாதம் இதே பாதையில் பாதி தூரம் ஏறியபோது இந்த இடம் இருட்டில் கண்ணுக்குத் தெரியும்படி சிவந்து கிடந்தது. நடுவில் நான்கு மாதம், ஒரு புது சைலன்சர், வீணாய்ப் போன ஒரு சுருள் வெப்பத்துணி. கடைசியில் கோளாறு இருந்தது எக்ஸாஸ்ட் பக்கமே இல்லை. பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்று, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், எஸ்யு கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டெல்கோ, அதாவது பிளக்குகளுக்கு நேரத்துக்குத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். அப்பா வாங்கியது. இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், இடது பக்கம். கார்புரேட்டர் கிட்டத்தட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் அளவுக்கு மீறிச் சூடானால் கார்புரேட்டரும் சேர்ந்து சூடாகி, அதில் உள்ள பெட்ரோல் கொதித்துவிடும். நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுக்காது. இந்தத் தொல்லை எனக்கு ஒரு வருடமாகவே இருந்தது. வெயில் என்று நினைத்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தை கடைசியில், மாலை நேரம், ஏற்காடு போகும் வழியில் என் மனைவி, "ஏங்க, கால் வைக்க முடியலைங்க, மேட்டே சுடுது" என்றாள். இடது முன்சீட்டுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன், உண்மைதான். ரப்பர் மேட்டிலிருந்து கருகிய வாடை. 14வது வளைவுக்குப் பக்கத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி பானெட்டைத் திறந்தால், மேனிஃபோல்டின் நடுவிலும் அதிலிருந்து சைலன்சர் பக்கம் இறங்கும் குழாயான டவுன்பைப் தொடங்கும் இடத்திலும் மங்கலான சிவப்பு. ரேடியேட்டர் முள் மட்டும் வழக்கமான இடத்திலேயே நின்றது. அரைமணி நேரம் ஆறவிட்டு, மேலே போகாமல் திரும்பிவிட்டோம்.

மறுநாளே வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் சைலன்சர் வாலில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளே அடைச்சிருக்கு, புகை வெளியே போக முடியாம சுடுது. சைலன்சரை மாத்திடு" என்றார். காரணம் நம்பும்படி இருந்தது. உள்ளூரில் செய்த சைலன்சர் 2,800 ரூபாய், வெல்டிங்கும் கூலியும் 600. மாற்றினேன். அதே சூடு.

அப்போதுதான் அளந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூட இனிச் செலவழிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். 1,350 ரூபாய்க்கு அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கினேன். 550 டிகிரி வரை காட்டும். இதை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பளபளப்பான உலோகத்தில் இது பொய் சொல்லும். புது சைலன்சர் தகட்டில் 70 டிகிரி காட்டியது, ஆனால் அதில் தெளித்த தண்ணீர் சுரீர் என்று ஆவியானது. துருப்பிடித்த வார்ப்பிரும்பில் சரியாகக் காட்டும். அதனால் சைலன்சருக்கு அடிக்கும் கருப்பு வெப்பப் பெயிண்டால் ஏழு இடங்களில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பொட்டு வைத்தேன். மேனிஃபோல்டில் முன், நடு, பின் என்று மூன்று. டவுன்பைப்பில், மேனிஃபோல்டோடு அதைச் சேர்க்கும் பிளாஞ்சிலிருந்து ஒரு சாண் கீழே நான்காவது. சைலன்சரின் முன்னும் பின்னும் ஐந்தும் ஆறும். மேட்டைத் தூக்கினால் தெரிகிற தரைத் தகட்டில் ஏழாவது.

சோதனை ஓட்டமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் பைபாஸில் 12 கிலோமீட்டர், டாப் கியரில் 60 வேகம், காலை ஆறரை மணிக்கு. நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் ஏழு பொட்டுகளையும் சுட்டு நோட்டில் எழுதிவிடுவேன். முதல் நாள் கணக்கு: நடுப்பொட்டு 486, டவுன்பைப் 372, தரைத் தகடு 71. நடுப்பொட்டு எப்போதும் மேனிஃபோல்டின் முன், பின் பொட்டுகளை விட 30, 40 டிகிரி கூடுதலாகவே இருக்கும். இந்த எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் இரண்டும் நடுவிலுள்ள ஒரே ஓட்டை வழியாகத்தான் புகை விடுகின்றன. அது தெரியாமல் இரண்டு நாள் அந்த இரண்டு சிலிண்டர்களையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சைலன்சர் சந்தேகத்தை ஒரு காசு செலவில்லாமல் தீர்த்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. டவுன்பைப் பிளாஞ்சின் நட்டுகளைத் தளர்த்தி, கால் அங்குலம் இடைவெளி விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினேன். சத்தம் காதைப் பிளந்தது. அளவு 481. புகைக்கு வேறு வழி திறந்துவிட்ட பிறகும் சூடு குறையவில்லை என்றால் அடைப்பு காரணமில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய சைலன்சரைக் கட்டிங் வீலால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே தடுப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தன.

அடுத்தது மிக்ஸர், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு. பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் வெளுத்த சாம்பல் நிறம். பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று எவரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது வருகிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய கார்புரேட்டர் கொஞ்சம் மெலிந்த கலவையாகத்தான் கொடுக்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறதே. எஸ்யு கார்புரேட்டரின் அடியில் உள்ள ஜெட் நட்டை, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும் என்று, இரண்டு முகம் கீழே இறக்கினேன். சூடு 486இலிருந்து 470. மைலேஜ் 11இலிருந்து 9. ஐடிலில் கருப்புப் புகை வேறு. நட்டைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன். மேனிஃபோல்டு பேக்கிங்கில் காற்று இழுக்கிறதோ என்று அதையும் 450 ரூபாய்க்கு மாற்றினேன். அதில் எந்த மாற்றமும் இல்லை.

இதற்கிடையில் ஒரு தவறு செய்தேன், அதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. டவுன்பைப்பில் வெப்பத்துணி சுற்றினேன், சுருள் 1,100 ரூபாய். சுற்றியதும் துணியின் மேல் அளந்தால் 240. தரைத் தகடு 71இலிருந்து 54. மனைவி கால் சுடவில்லை என்றாள். பிரச்சினை முடிந்தது என்று இரண்டு வாரம் நிம்மதியாக ஓட்டினேன். மேனிஃபோல்டின் நடுப்பொட்டை அந்த இரண்டு வாரமும் சுடவே இல்லை. பிறகு ஒருநாள் சுட்டால் 509. குழாய் வழியாக வெளியேறிக்கொண்டிருந்த சூட்டைத் துணி உள்ளேயே அடைத்து வைத்திருந்தது. துணியைப் பிரித்தபோது குழாயின் மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்தது, பிளாஞ்சு பேக்கிங் கருகிப் பொடியாகி இருந்தது. காலுக்குச் சுடாமல் செய்வதும் சூட்டின் காரணத்தைத் தீர்ப்பதும் வேறுவேறு வேலைகள்.

சரி, டேபிட் (வால்வு இடைவெளி) பார்ப்போம் என்று வால்வு கவரைத் திறந்தேன். இந்த எஞ்சினுக்கு எட்டு வால்வு. ஒன்பது கணக்கு வைத்துக்கொண்டால் எளிது: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதின் இடைவெளியை வைக்க வேண்டும், ஏழாவதுக்கு இரண்டாவது, இப்படிக் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி 15 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஏழு வால்வுகள் ஏறத்தாழ சரி. ஐந்தாவது, அதாவது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் 9 தவ்தான் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் வால்வு எரிந்திருக்கும். சரி செய்தபின் நடுப்பொட்டு 462. வேலை வீணில்லை, ஆனால் தேடியது இது இல்லை.

டைமிங் மட்டும் பாக்கி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் தீப்பொறி விழுகிறது என்பது. அதை நான் இவ்வளவு நாள் தொடாததற்குக் காரணம், மூன்று பேர் பார்த்து "டைமிங் சரியா இருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். நானே டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் பாடிக்கும் நடுவே விளக்கை மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றினால், புல்லியின் வெட்டு எஞ்சின் முகப்பில் உள்ள 5 டிகிரி கூருக்கு நேராக வரும்போது விளக்கு எரிகிறது. அச்சு அசல் சரி. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கிற எஞ்சினுக்குத்தான் அது சரி. வேகம் கூடக் கூட டெல்கோ தீப்பொறியை முன்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நகர்த்தவில்லை என்றால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு குழாய்க்குள் போய்விடும்.

அதை ஓடும்போது பார்க்க ஸ்ட்ரோப் விளக்கு வேண்டும். முதல் பிளக் ஒயரில் கவ்வி, அந்தப் பிளக்குக்குத் தீப்பொறி போகும்போதெல்லாம் மின்னுகிற வகை, ஆர்பிஎம்மும் காட்டும், 1,450 ரூபாய். ஆனால் எஞ்சின் முகப்பில் இருக்கிற கூர்கள் 10 டிகிரி வரைக்கும்தான். அதற்கு மேல் பார்க்க நானே புல்லியில் குறி போட்டேன். தையல் டேப்பைப் புல்லியின் விளிம்பில் சுற்றினால் 43 சென்டிமீட்டர். 430 மில்லிமீட்டரை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். வெட்டிலிருந்து 12, 24, 36 மில்லிமீட்டர் தூரத்தில் வெள்ளைப் பெயிண்டால் மூன்று கோடு: 10, 20, 30 டிகிரி.

வேக்குவம் குழாயை (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்துவது) கழற்றி அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஐடிலில் வெட்டு 5 டிகிரி கூரில் ஆடாமல் நின்றது. மகனை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். 1500, 2000, 3000. எஞ்சின் கத்துகிறது, வெட்டு அதே 5இல் நிற்கிறது. ஒரு டிகிரி நகர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். விளக்கு ஒளியில் அந்த வெட்டு நகராமல் நின்றதைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கோளாறைக் கண்ணால் பார்க்கிறேன்.

எஞ்சினை அணைத்து டெல்கோ மூடியைக் கழற்றினேன். மூடிக்கு அடியில் சுழலும் ரோட்டாரை இரண்டு விரலால் பிடித்து, அது சுற்றும் திசையிலேயே லேசாகத் திருகினால் கொஞ்சம் போய், விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். என் ரோட்டார் அசையவே இல்லை, சுவரில் அடித்த ஆணி மாதிரி. ஐந்து விநாடி வேலை, ஒரு கருவியும் தேவையில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம். அப்படியே வேக்குவம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்தேன். நாக்கில் இழுவை நிற்கவில்லை, காற்று தாராளமாக வந்தது. வேக்குவம் டப்பாவின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வும் கிழிந்திருக்கிறது. ஆக, டைமிங்கை முன்னால் நகர்த்தும் இரண்டு வழிகளும் போய்விட்டன.

டெல்கோவைக் கழற்றும்போது பிஞ்ச் போல்ட்டைத் தொடவில்லை. கிளாம்பு தகட்டை பிளாக்கில் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் கழற்றினால் வைத்த டைமிங் கலையாமல் வெளியே வந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் பயமில்லை, அடியில் உள்ள கவ்வு நடுவிலிருந்து சற்று விலகி இருப்பதால் தலைகீழாக உட்காராது. மேசையில் செய்தித்தாள் விரித்து, பாயிண்ட் பொருத்திய தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துத் தூக்கினேன். அடியில் இரண்டு சிறிய எடைக்கட்டிகள், இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள். வேகம் கூடும்போது இந்தக் கட்டிகள் விரிந்துதான் தீப்பொறியை முன்னால் நகர்த்த வேண்டும். எண்ணெய் காய்ந்து தார் மாதிரி இறுகி, அதன்மேல் துரு படர்ந்து, கட்டிகள் இரண்டும் அச்சோடு ஒட்டிக்கிடந்தன. ஒரு ஸ்பிரிங் தொட்டதும் உடைந்தது.

சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி அப்போது ஞாபகம் வந்தது. அப்பாவிடம் வேலை பார்த்த டிரைவர் அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை ரோட்டாரைப் பிடுங்கி, தையல் மெஷின் எண்ணெயை அந்த அச்சின் தலையில் சொட்டுச் சொட்டாக விடுவார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. அவர் வேலையை விட்டு இருபது வருடமாகிறது. அதன்பிறகு அந்த இடத்தில் யாரும் எண்ணெய் விடவில்லை, நானும்தான்.

பாகங்களை இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அச்சை மட்டும் 400 நம்பர் எமரி தாளால் மெதுவாக மெருகேற்றினேன். ஸ்பிரிங்குக்கும் வேக்குவம் டப்பாவுக்கும் என்ன செய்வது? தனியாகத் தேடிப் பார்த்தேன், சேலத்தில் கிடைக்கவில்லை. சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது புதுப்பேட்டையில் நான்கு கடை ஏறி, அதே வகை பழைய டெல்கோ ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். கடையிலேயே வேக்குவம் டப்பாவை உறிஞ்சிப் பார்த்தேன், நாக்கைப் பிடித்து இழுத்தது. ரோட்டாரைத் திருகினேன், திரும்பி வந்தது. அச்சில் ஆட்டம் இருந்ததால் முழு டெல்கோவை மாட்டாமல், இரண்டு ஸ்பிரிங்கையும் டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழையது ஒன்று புதியது ஒன்று என்று கலந்தால் எந்த வேகத்தில் எவ்வளவு நகரும் என்ற கணக்கே மாறிவிடும்.

மாட்டி, பாயிண்ட் இடைவெளி 15 தவ் வைத்து, ஸ்ட்ரோப்பைப் பிடித்தேன். ஐடிலில் 5. மகன் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வெட்டு கடகடவென்று நகர்ந்து கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது. நான் போட்ட வெள்ளைக் கோடுகளில் ஒன்றுகூடக் கூருக்கு நேராக வரவில்லை. ஒரு மணி நேரம் டெல்கோவையே திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்ட பிறகுதான் புரிந்தது, கோடுகளை வெட்டுக்குப் பின்பக்கம் போட்டிருந்தேன். புல்லி சுற்றும் திசையில் வெட்டுக்கு முன்னால் போட வேண்டும், அவைதான் கூரை முதலில் கடக்கும். அழித்து மறுபக்கம் போட்டேன். 3000 ஆர்பிஎம்மில் கூர் 20க்கும் 30க்கும் நடுவே, 30ஐ ஒட்டி நின்றது. வேக்குவம் குழாயையும் மாட்டினேன்.

மறுநாள் காலை அதே பைபாஸ், அதே 12 கிலோமீட்டர், அதே 60 வேகம். நடுப்பொட்டு 348. டவுன்பைப் 262. தரைத் தகடு, துணி ஏதும் இல்லாமல், 48. ஆக்ஸிலேட்டரை முன்பு மிதித்ததில் பாதிதான் மிதிக்க வேண்டியிருந்தது. மைலேஜ் மூன்று டாங்க் சராசரியில் 13க்குக் கொஞ்சம் மேல். ஒரே ஒரு புதுப் பிரச்சினை: ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுத்தால் டக் டக் என்று தட்டல் சத்தம். ஐடில் டைமிங்கை 5இலிருந்து 3க்குக் குறைத்ததும் நின்றது.

மொத்தம் 8,650 ரூபாய் வெளியே போனது. வண்டியை உண்மையில் சரி செய்தது புதுப்பேட்டை டெல்கோவின் 900 ரூபாயும் அரை லிட்டர் மண்ணெண்ணெயும்தான். வெப்பமானியும் ஸ்ட்ரோப்பும் சேர்ந்து 2,800, அவை கையில் இருக்கின்றன, அதை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. இனி இப்படி ஒரு சூடு வந்தால் என் வரிசை இதுதான்: முதலில் ரோட்டாரைத் திருகிப் பார்ப்பேன், வேக்குவம் குழாயை உறிஞ்சிப் பார்ப்பேன், அப்புறம் ஸ்ட்ரோப், அப்புறம் டேபிட். கார்புரேட்டரையும் சைலன்சரையும் கடைசியில்தான் தொடுவேன். வெப்பத்துணி வாங்கவே மாட்டேன்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. டவுன்பைப்பில் துணி சுற்றியிருந்த இடம் மெலிந்திருக்கிறது, சுத்தியலால் தட்டினால் ஒலி மாறுகிறது. அந்தத் துண்டை மட்டும் அறுத்துப் புதுக் குழாய் வைத்து வெல்டு செய்ய வேண்டும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் மறைப்பு ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன், ஓட்டை போட்டு மாட்டினால் சரி. பானெட்டின் உள்பக்கம் சாக்பீஸால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட்டேன். அடுத்த 5,000 கிலோமீட்டரில் ரோட்டாருக்கு அடியில் மூன்று சொட்டு எண்ணெய்.